மறைத்து வைத்த ஆயுதமும் சலாம் சொல்லும் கையும்

நோன்பு மாதத்தில் ஒரு நாள், நோன்பு திறந்துவிட்டுத் தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது என் மருமகன் என்னருகே வந்து அமர்ந்தான். திகனயில் சிறியதொரு புடைவைக் கடை வைத்திருப்பவன். 2018 மார்ச் மாதத்தில் அந்தக் கடை எரிந்து சாம்பலானது. கடன்பட்டு அதே இடத்தில் மீண்டும் கட்டினான். குரலைத் தாழ்த்திக் கொண்டு அவன் கேட்டது இதுதான்:

"மாமா, சட்டைக்குள்ள தெரியாம வெக்கக்கூடிய சின்னத் துவக்கு ஒண்டு வேணும். அவசரத்துக்கு எடுத்தா ஏமாத்தக் கூடாது. லைசன் எடுக்கேலுமா எண்டு ஆரிடமாவது விசாரிச்சுச் சொல்லுங்க."

என் மருமகன் சண்டைக்காரன் அல்லன். கோழி அறுப்பதைக் கூடப் பார்த்து நிற்க மாட்டான். அதனாலேயே அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. வன்முறையாளன் கேட்டிருந்தால் ஒரு அதட்டலோடு முடித்திருக்கலாம். பயந்த மனிதன் கேட்கும்போது அதட்டல் பதிலாகாது.

அவனுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியவில் வாகனம் தொடர்பாக எழுந்த தகராறில் முஸ்லிம் இளைஞர் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினர். மார்ச் தொடக்கத்தில் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். மார்ச் 5 ஆம் திகதி திகன எரிந்தது. எரிந்த வீடொன்றினுள் சிக்கிய ஒரு முஸ்லிம் இளைஞன் உயிரிழந்தான். 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட பின்னரும் கண்டி மாவட்டத்தில் தீ வைப்பு நிற்கவில்லை. ஊரடங்கு நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டியவன் இருந்தான், எரிக்க வந்தவன் வெளியே வந்தான். இதைக் கண்ணால் கண்ட ஒருவனிடம் 'சட்டம் உன்னைக் காக்கும்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே அவன் பக்க நியாயத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் ஏற்றுக் கொள்கிறேன். தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்வது மனிதனின் உரிமை. நமது தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசின் பாதுகாப்பை நாட அவகாசமிருந்தால் அந்த உரிமை இல்லை என்ற வரம்புகளையும் அவை இடுகின்றன. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்படுபவர் ஷஹீத் என்ற நபிமொழியும் நாமறிந்ததே. கொல்ல வந்த சகோதரன் மீது கை நீட்ட மறுத்த ஹாபீலின் வழி உயர்ந்தது. ஆனால் மனைவி மக்களோடு வாழும் ஒரு கடைக்காரனிடம் அதைக் கட்டாயமாகக் கேட்கும் தகுதி எனக்கில்லை.

என் கேள்வி வேறு. தற்காப்பு உரிமையா என்பதல்ல. மறைத்து வைத்த ஒரு சிறு துவக்கு தற்காப்பாகுமா? அதைச் சுமப்பவனை அது என்னவாக மாற்றும்?

மருமகன் இரண்டு தகைமைகளைக் கேட்டான். சிறியதாக இருக்க வேண்டும், நம்பகமானதாக இருக்க வேண்டும். முதலில் நம்பகத்தைப் பார்ப்போம். ஒரு கருவி நம்பகமானது என்றால், விசையை இழுத்தால் தவறாமல் வெடிக்கும் என்பதே பொருள். ஆனால் யார் இழுக்கிறார், எதற்காக இழுக்கிறார் என்று அது கேட்பதில்லை. பயத்துக்கும் கோபத்துக்கும் விளையாடும் பிள்ளையின் விரலுக்கும் அது ஒரே விசுவாசத்தோடு பணி செய்யும். மறைத்துச் சுமப்பது பெரும் பண்பாடாகிவிட்ட அமெரிக்காவைப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டு செல்வது அரசியலமைப்பு உரிமை என்று 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரம் கூடத் தேவையில்லை. அதே நாட்டில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். எதிரிக்காக வாங்கியது, மனம் உடைந்த ஓர் இரவில் வாங்கியவனையே கொல்கிறது.

தெல்தெனியவில் நடந்ததையும் நாம் நேர்மையாக நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று தாக்கியவர்கள் நம்மவர்கள். வீதியோரத்தில் சில நிமிடங்கள் எழுந்த கோபம் ஒரு மனிதனின் உயிரைக் குடித்தது. பின்னர் ஒரு மாவட்டத்தையே எரிப்பதற்குச் சாட்டாக்கப்பட்டது. அதற்காக அப்பாவிகளின் வீடுகளை எரித்தது எந்த வகையிலும் நியாயமாகாது. ஆனாலும் என்னை உறுத்தும் கேள்வி இது: அந்தக் கோபம் எழுந்த கணத்தில் அங்கே ஒருவனின் இடுப்பில் நம்பகமான துவக்கொன்று இருந்திருந்தால், அது காப்பாற்றியிருக்குமா, அல்லது விரைவாகக் கொன்றிருக்குமா? மார்ச் 5 ஆம் திகதி திரண்ட நூற்றுக்கணக்கானோர் முன்னே அதில் இருக்கும் சில ரவைகள் எதைச் செய்திருக்கும்? முதல் வெடியோடு, 'முஸ்லிம்கள் சுடுகிறார்கள்' என்ற வதந்திக்கு முதன்முறையாக ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும்.

சிறுபான்மையினனின் கையில் ஓர் ஆயுதம் அவனுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. சமூகம் முழுவதற்கும் அது எழுதி வைக்கப்படுகிறது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் வந்த மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் அறிவித்தபோது நம் வீடுகளில் நிலவிய பதற்றம் நினைவிருக்கிறதா? தேங்காய் வெட்டும் கத்தியை எங்கே வைப்பதென்று உம்மாமார் தடுமாறினார்கள்.

சட்டமும் இங்கே எளிதல்ல. 1915 இல் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரத்துக்கு அடுத்த வருடம் வந்தது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அதுவே இன்றும் நம்மை ஆள்கிறது. 1996 இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திரும்பக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. இவற்றை மருமகனிடம் சொன்னேன். ஆனால் சட்டம் கடினம் என்பது அறவியல் பதிலல்ல. நாளை அது இலகுவானால் என் பதில் மாறிவிடுமா?

மாறாது. காரணம் அவன் கேட்ட மற்றத் தகைமையில் இருக்கிறது. ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? மற்றவர் காணாதிருக்க. மற்றவர் என்றால் யார்? பகைவனிடமிருந்து மட்டும் ஓர் ஆயுதத்தை மறைக்க முடியாது. பகைவன் யாரென்று தெரியாததால்தானே அதை எந்நேரமும் சுமக்க வேண்டியிருக்கிறது. எனவே வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டும், ஸப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரிடம் மறைக்க வேண்டும், மடியில் ஏறும் பிள்ளையிடமும் மறைக்க வேண்டும்.

1948 ஜனவரி 30 ஆம் திகதி காந்தியின் முன் கைகூப்பி நின்றவனிடம் சிறிய பெரெட்டா கைத்துப்பாக்கி இருந்தது. 1959 செப்டம்பர் 25 ஆம் திகதி கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் விறாந்தையில், தன்னைக் காண வந்த பிக்குவைப் பிரதமர் பண்டாரநாயக்க வணக்கத்தோடு வரவேற்றார். காவியுடைக்குள் கைத்துப்பாக்கி மறைந்திருந்தது. மறுநாள் பிரதமர் காலமானார். இரண்டு கொலைகளும் முகமன் கூறும் வேளையில் நிகழ்ந்தவை. என் மருமகனைக் கொலைகாரரோடு நான் ஒப்பிடவில்லை. மறைத்த ஆயுதம் எங்கே தொழிற்படுகிறது என்பதையே சொல்கிறேன். மனிதர் ஒருவரையொருவர் நம்பி நெருங்கும் இடத்தில்தான் அதற்கு வேலை.

நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சலாம் சொல்கிறோம்! என்னிடமிருந்து உனக்குத் தீங்கில்லை என்ற வாக்குறுதியும் அந்த வார்த்தைக்குள் அடக்கம். அம்புகளோடு பள்ளிவாசலையோ சந்தையையோ கடப்பவர், எவரையும் காயப்படுத்தாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபியவர்கள் பணித்தார்கள். ஆயுதம் வைத்திருப்பது அங்கே மறுக்கப்படவில்லை. மற்றவரின் பாதுகாப்பு, சுமப்பவரின் கைக்குள் பொறுப்பாக வைக்கப்பட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் சும்மா இருக்கவில்லை.

"ஒட்டகத்தக் கட்டிப் போட்டுத்தானே தவக்குல் வெக்கச் சொல்லீக்கி மாமா?"

"கட்டுற கயிறு ஆரையும் கொல்லாதே மகன்."

"காத்தான்குடியில தொழுதுகொண்டு நிண்டவங்களச் சுட்டாங்க. அவங்கட கையில என்ன இருந்த?"

இதற்கு எனக்கு இலேசான பதில் இல்லை. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் தொழுகையில் கொல்லப்பட்டனர். கிழக்கில் ஊர்காவல் படையினருக்கு அரசு ஆயுதம் வழங்கியது. அந்த நிலைமையில் அது தேவையில்லை என்று திகனயில் இருந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தக் காவல் ஊரறிய நின்றது; யாரிடம் எந்தத் துவக்கு என்று பதிவிருந்தது. அப்படியிருந்தும் அவ்வாயுதங்களில் சில அயல் தமிழ்க் கிராமங்களின் மீது திரும்பின என்ற குற்றச்சாட்டு இன்றும் நம் மனச்சாட்சி மீது கிடக்கிறது. பதிவுள்ள, ஊரறிந்த ஆயுதத்துக்கே இந்த நிலை என்றால், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மனிதனின் பயம் மட்டுமே ஆளும் ஆயுதத்தை யார் தட்டிக் கேட்பது?

"அப்ப எதத்தான் நம்புறது?" என்றான்.

அவனது கடைக் கணக்குப் புத்தகத்தை நினைவுபடுத்தினேன். 2018 இல் கடை எரிவதற்குச் சற்று முன், பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி அதையும் காசுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். மூன்று நாட்கள் கழித்து வீடு தேடி வந்து கொடுத்தார். அவர் நெருப்பை நிறுத்தவில்லை; அவரால் முடியவுமில்லை. எல்லா அயலவரும் அவரைப் போலவும் இருக்கவில்லை. ஆனால் கடன் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்த்து மருமகன் மீண்டும் எழுந்து நிற்க உதவியது அந்தப் புத்தகம்தான்.

"இடுப்புல துவக்க வெச்சிக்கொண்டு நாளைக்கு அந்த மனிசனோட எப்பிடிப் பேசுவாய்?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. தராவீஹுக்கு நேரமாகிவிட்டதென எழுந்து போனான். அவன் மனம் மாறிவிட்டதாக எழுதினால் அது பொய்யாகும். அவன் பயம் நியாயமானது. அதைப் போக்கும் பொறுப்பு அவன் தலையில் மட்டுமல்ல, இந்த நாட்டின் தலையிலும் இருக்கிறது. பெருநாளன்று பக்கத்துக் கடை முதலாளிக்கு வழக்கம் போல வட்டிலப்பம் கொண்டு போனானென்று தங்கச்சி சொன்னாள். சட்டை இடுப்பில் எதுவும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.