குத்பும் நட்சத்திரமும்

நமக்கு வழிகாட்டிய ஆலிம் பெருமகனார் ஒருவர் மறைந்ததும், அவரோடு நம் இபாதத்தின் ஊக்கமும் மறைந்துவிடுகிறது. உஸ்தாத் மறைந்த வாரத்தில் நமக்கே அத்தளர்ச்சி உண்டாயிற்று. நல்லோரை எவ்வளவு தூரம் பற்றிக்கொள்வது என்பதற்கு வானத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் கடற்கரையில் ஓர் இரவு வடக்கே நோக்குங்கள். அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 12 பாகை உயரத்தில், நீட்டிய கையின் முஷ்டியளவுக்குச் சற்றே மேலாக, துருவ நட்சத்திரம் நிற்கும். அதை வலப்பக்கம் வைத்து மேற்கு நோக்கி நின்று, வடபுறமாக ஏறத்தாழ 19 பாகை திரும்பினால் கிப்லா.

வானத்தின் இந்த முனையை அறபியர் குத்பு என்றனர். திருகைக் கல்லின் நடு முளைக்கும் அதுவே பெயர். இறைநேசர்களில் தலைசிறந்தோரைக் குத்பு என்றழைப்பதும் இதனாலேயே.

ஆனால், பூமியின் சுழலச்சு சுட்டும் அவ்விடத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லை; அது வெறும் புள்ளி. துருவ நட்சத்திரம் ஒரு பாகைக்கும் குறைவாக விலகி நின்று, தானும் நாள்தோறும் அதைச் சுற்றுகிறது. அப்புள்ளியும் நிலையானதன்று! பூமி சூரியனைச் சுற்றும் பாதைக்கும் ஓர் அச்சு உண்டு. அதன் முனை 23.4 பாகை தள்ளியிருக்கிறது. பருவந்தோறும் தொழுகை நேரங்கள் மாறுவது இந்தச் சாய்வினால்தான். அம்முனையைச் சுற்றிச் சுழலச்சின் முனை சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு முறை வட்டமிடுகிறது. 964 வாக்கில் விண்மீன்களை நூலாக வரைந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி, இந்நகர்வைக் கணக்கிட்டே, தாலமியின் அட்டவணையோடு 12 பாகை 42 கலை கூட்டிக் குறித்தார். அவர் காலத்தில் இன்றைய துருவ நட்சத்திரம் முனையிலிருந்து 6 பாகைக்கு மேல் விலகியிருந்தது.

அப்படியானால் அந்நட்சத்திரம் பொய்யா? இல்லை. அதை இகழ்பவன் கடலில் திசை கெடுவான். அதையே அச்சென்று கொள்பவனோ கணக்குக் கெடுவான். நல்லோரும் இத்தகைய அடையாளங்களே. இப்ராஹீம் நபி (அலை) மறையும் நட்சத்திரத்தை விட்டு அதைப் படைத்தவன்பால் திரும்பியதும், நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த நாளில் அபூபக்ர் சித்தீக் (ரலி) கலங்கிய மக்களை என்றும் மரணிக்காதவன்பால் திருப்பியதும் இதனாலன்றோ?

எனவே, மறைந்த பெரியவருக்காகத் துஆச் செய்யுங்கள். அவர் கற்பித்த ஸுப்ஹை விட்டுவிடாதீர்கள். அவர் காட்டிய திசையில் தொடர்ந்து நிற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. வல்ல நாயன் நம் அனைவருக்கும் அந்தத் தவ்பீக்கை அருள்வானாக! ஆமீன்.