ஆறு பாத்தி

போன பொங்கலுக்கு வந்திருந்த அத்தை, கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டார்: "பிள்ளைய அங்க கொண்டுபோய்ச் சேத்திருக்கியே, படிப்பெல்லாம் எப்படிலே?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. என் மகள் தன் ஆசிரியையை 'அக்கா' என்று சொன்னதைக் கேட்டதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. "டீச்சர அக்காங்குது. அப்புறம் எங்கிட்டுப் படிக்கும்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தச் சின்னப் பள்ளியின் வேலிக்கதவைத் திறந்துகொண்டு போனபோது நானும் இதே கேள்வியைத்தான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள். எட்டாம் வகுப்போடு சரி. சீருடை கிடையாது, ரேங்க் கார்டு கிடையாது. வேப்பமரம் இருக்கிறது.

என் பிழைப்பு சாம்பிள் பார்ப்பது. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையாக நம் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அத்தனையையும் உடைத்தா பார்க்க முடியும்? குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் எடுப்போம். கலந்து, ஒரு கிலோ நிறுத்து, ஒவ்வொரு கொட்டையாக இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சூம்பியது, அழுகியது என்று பிரித்து எடை போட்டால், 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று ஒரு கணக்கு வரும். அந்த ஒரு எண்ணை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிறது. பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதும் அல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முதலில் சிலரை மட்டும் கடலடிச் சிப்பிப் பாருக்கு அனுப்பிக் கொஞ்சம் சிப்பி எடுத்துவரச் சொல்வார்கள். அதை அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்தை வியாபாரிகளை வைத்து மதித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று தெரிந்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பு வரும். சிப்பி இன்னும் இளசு என்று பட்டால் அந்த வருடம் பாரை அப்படியே விட்டுவிடுவார்கள். விட்டுவைத்த சிப்பி அடுத்த வருடம் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கலாம், மீன் தின்று தீர்த்திருக்கலாம். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. காத்திருப்பதா, இப்போதே எடுப்பதா என்ற அந்தத் தவிப்பு மட்டும் பெற்றவர்களிடம் தங்கிவிட்டது போலிருக்கிறது.

பெரிய பள்ளிகளுக்கு நாமே ஒரு குத்தூசி வைத்திருக்கிறோம். ரிசல்ட் வந்த மறுநாள் முளைக்கும் பிளக்ஸ் போர்டு. மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. பிளக்ஸ் அடிப்பவர்களுக்கு அதனால் வேலை குறையவில்லை. அந்தச் சாம்பிளில் ஒரு கோளாறு உண்டு. சூம்பிப்போகும் என்று சந்தேகப்பட்ட கொட்டையை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, மிச்சத்தை நிறுத்துக் காட்டுவது சில இடங்களில் நடக்கிறது. எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் அடுத்த கப்பலுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சின்னப் பள்ளியில் குத்தூசிக்கே இடமில்லை. ஒரு வகுப்பில் எட்டே பேர். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பன்னிரண்டரை சதவீதம் படுத்துவிடும். அங்கே சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

'மாற்றுப் பள்ளி' என்றாலே ஏதோ புதிய பைத்தியம் என்று ஊரில் நினைக்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1939இலேயே அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அதைவிட வேடிக்கை, செயல்வழிக் கற்றலின் கதை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து பிறந்தது அது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் ஏணிப்படி ஏறுவார்கள். வரைந்ததைத் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கவிடுவார்கள். அப்போது எங்கள் தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல பாடமே நடத்துறதில்ல, சீட்டு விளையாடுதுக." இன்று அதே பாயையும் அதே அட்டையையும் ஃபீஸ் கட்டிப் பார்க்கப் போகிறோம். நானும்தான்.

நாங்கள் முதலில் அந்தச் சின்னப் பள்ளிக்குப் போன அன்றைக்கு எங்களுக்குச் சுற்றிக் காட்டியவன் பத்து வயதுப் பையன். அவன் வகுப்புப் பிள்ளைகள் உப்பளத்துக்குப் போய்வந்திருந்தார்கள். கடல்தண்ணி மூணு டிகிரி சுமாருக்கு உள்ளே வரும், பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டால் இருபத்தஞ்சு டிகிரியில் உப்பு விழும், மேலே விட்டால் கசப்பு ஏறிவிடும் என்று அளக்காரர் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நான் சொக்கிப்போய்விட்டேன். என் மனைவி சொக்கவில்லை. "அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவுப்பா?" என்றாள். பையன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

அவன் ஓடிய பிறகு ஆசிரியையிடம் கேட்டாள்: "ஒரு பிள்ளைக்குப் பின்னம் வரலைன்னா என்ன செய்வீங்க?"

பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். இந்த வகைப் பள்ளிகள் மீது எனக்குள்ள புகாரே அதுதான். மகிழ்ச்சியைச் சொல்லி வாய்ப்பாட்டைத் தட்டிக்கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பேர் எழுதிய அட்டையை மறைத்து ஒரு நோட்டை எடுத்துவந்தார்.

ஜூன் மாதம்: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்து ஐந்தில் இரண்டு. ஜூலையிலும் அதே ஐந்தில் இரண்டு. ஆகஸ்டில் இன்னும் அழுத்தி எழுதிய ஐந்தில் இரண்டு. சிவப்பு மை எங்கும் இல்லை. ஓரத்தில் பென்சிலில் 'அரையைவிடக் குறைஞ்சு போச்சே, எப்படி?' என்று மட்டும். செப்டம்பரில் ஒரு படம். ஒரு உப்பளம், கோணல்மாணலாக ஆறு பாத்தி. பாதிக்கு மூன்று பாத்தியில் நீலம், மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டில் மஞ்சள். ஒரு பாத்தி வெள்ளையாக நின்றது. கீழே ஆறில் ஐந்து. பக்கத்தைத் திருப்பினால் காலும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து மறுபடியும் ஏழில் இரண்டு.

"இன்னும் முழுசா வரல" என்றார். அந்தப் பக்கத்தையும் காட்டியதால்தான் என் மனைவி சேர்க்கைப் படிவத்தை வாங்கினாள் என்று நினைக்கிறேன். அவள் இதுவரை சொன்னதில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உப்பளத்தில் வேலை செய்கிறவர் தன் பிள்ளையை வைத்து இந்தச் சோதனையில் இறங்க மாட்டார். இறங்கவும் முடியாது. சறுக்கினால் டியூஷன் வைக்க என்னிடம் பணம் இருக்கிறது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. எட்டாவது முடிந்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு தெரிந்தவர் கிடைப்பார். என் துணிச்சல் அந்த அளவுக்குத்தான். ஒரு மூட்டையில் நஷ்டம் வந்தாலும் தாங்குகிறவன்தான் புதுச் சரக்கை வாங்கிப் பார்க்கிறான்.

அப்படியும் பயம் போகவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயிலும் 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்று எழுதினாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் வாங்கி வந்த கையோடு, அடுப்படித் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்வதெழுதுதல் போடுகிறேன். இருபது வார்த்தை. பள்ளிக்குத் தெரியாமல்தான். பிள்ளையை அவர்களை நம்பி விட்டுவிட்டு, பின்கட்டில் நான் ஒரு குத்தூசி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் மனசு கேட்காமல் அந்த ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். முதல் வாரமே வந்து சொல்லிட்டா" என்றார். "பத்து வார்த்தையோட நிறுத்திக்கோங்க. பதினொண்ணுலருந்து உங்க முகத்தைப் பார்த்துத்தான் எழுதுறாளாம்."