வீடு உங்களுடையது, குடியிருக்கும் உரிமை யாருடையது?



"என் வீடு, என் சாவி. நான் நினைத்தால் காலி செய்ய வேண்டியதுதான்" என்று வீட்டுக்காரர்கள் சொல்லக் கேட்கிறோம். வாடகைக்கு இருப்பவர் மறுத்தால் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது, அவர் வெளியே போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவது. இது உரிமையா, அநியாயமா?

வாடகைக்கு விடுவதை மார்க்கம் இஜாரா என்கிறது. விற்பனையில் பொருள் கைமாறுகிறது. இஜாராவில் அதன் பயன் கைமாறுகிறது. சுவரும் கூரையும் உங்களுடையவை. பேசிய தவணை முடியும்வரை அதில் வசிக்கும் பயன் வாடகை கொடுத்தவருடையது. அதை விற்று, விலையும் வாங்கிவிட்டீர்கள். விற்றதைத் திரும்பப் பறிப்பதற்கு என்ன பெயர்? பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையும்படி அந்நூர் அத்தியாயத்தில் (24:27) அல்லாஹ் கட்டளையிடுகிறான். வாடகைக்கு விட்டவருக்கும் அது பொருந்தும்.

மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள், மஸ்ஜித் கட்டப்படும்வரை அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். கீழே நபியவர்கள், மாடியில் வீட்டுக்காரர். ஒருநாள் மாடியில் தண்ணீர்ப் பானை உடைந்தது. கீழே ஒரு சொட்டும் விழுந்துவிடக்கூடாதே என்று பதறி, இருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியும் அதை ஒற்றி எடுத்தார்கள்.

"அங்கே இருந்தது நபியவர்கள் அல்லவா?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவை அஞ்சிக்கொள்ளும்படி நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. தெருவில் சாமான்களோடு நிற்பவரின் துஆவும் அதுதான்.

நாட்டுச் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. காரைக்காலுக்கு 1969-ஆம் ஆண்டின் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாஞ்சூர் தாண்டி நாகூர் போனால் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலி செய்ய வைக்க முறையான உத்தரவு வேண்டும். அடாவடியாக வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆவது பிரிவின்படி, 6 மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேறக் கோரலாம்.

குடியிருப்போரும் கேளுங்கள். தவணை முடிந்தபின் வீம்புக்கு உட்கார்ந்திருந்தால், அநியாயம் உங்கள் பக்கம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற ஹதீஸ் வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல.

பிரான்ஸிலும் வளைகுடாவிலும் இருக்கும் சகோதரர்களே! "எப்படியாவது காலி பண்ண வை" என்று போனில் சொன்னால், பூட்டியது உறவினரின் கையாக இருக்கலாம். பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

தவணையை எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு ரசீது கொடுங்கள். வீடு தேவைப்பட்டால், வேறு வீடு பார்க்க அவகாசம் கொடுத்து முன்கூட்டியே சொல்லுங்கள். அட்வான்ஸை அலையவிடாமல் திருப்பிக் கொடுங்கள். யார் வீட்டையாவது பூட்டி வைத்திருந்தால், இன்றே திறந்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அடியானின் உரிமையை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும்.

பிறர் உரிமையைப் பறிக்காதவர்களாக வல்ல ரஹ்மான் நம்மை வாழச் செய்வானாக! ஆமீன்.