திரை எழுமுன்

அரங்கில் திரை எழுவதற்கு முந்தைய சில நிமிடங்களை நாம் யாரும் வாழ்க்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருக்கை தேடுகிறோம், தெரிந்த முகத்துக்குத் தலையசைக்கிறோம், விட்ட பேச்சைத் தொடர்கிறோம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ஓபரா அரங்குகளிலும் அப்படித்தான். அந்தச் சலசலப்பின் மேல் விரைவாக ஒன்று, நிதானமாக ஒன்று, மறுபடி விரைவாக ஒன்று என மூன்று துண்டுகள் ஒலிக்கும். நேப்பிள்ஸில் அலெஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி நிலைநிறுத்திய அந்த முன்னிசைக்குப் பெயர் சின்ஃபோனியா. சேர்ந்தொலித்தல் என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். பெயரில்தான் கம்பீரம்; பாடகர் வரும்வரை சபையைப் பிடித்துவைக்கும் எடுபிடி வேலை அதற்கு.

பிறகு மிலானில் சம்மார்த்தினி போன்றோர், பின்னால் ஓபரா எதுவும் இல்லாமலே அந்தச் சின்ஃபோனியாவைத் தனிச் சிம்பொனியாக எழுதத் தொடங்கினார்கள். திண்ணை மட்டும் தனியே நின்றது. உள்ளே வீடில்லாத திண்ணைக்கு என்ன பொருள்?

விடை ஒரு சேவகனிடமிருந்து வந்தது. எஸ்டர்ஹாசி பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்த ஹைடன், நூற்றுக்கும் மேல் சிம்பொனிகள் இயற்றியவர். 1772-இல், குடும்பத்தைப் பிரிந்து கோடை மாளிகையிலேயே தங்க நேர்ந்த தம் கலைஞர்களுக்காக ஒன்று எழுதினார். அதன் இறுதியில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். இரண்டே வயலின்கள் மிஞ்சுகின்றன. பாட்டில்லை, ஒரு சொல்லும் இல்லை. பிரபுவுக்குப் புரிந்துவிட்டதாம்.

பிறிதொன்றுக்கு முன்னுரையாக இருக்கும்வரை எதற்கும் தன் பொருளைப் பற்றிய கவலை இல்லை, அது பின்னால் வருவதன் பொறுப்பு. ஆனால் பின்னால் வர எதுவுமில்லை என்று தெரிந்த கணத்தில், அந்த இசையைப் போலவே நாமும், படிப்பு முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று ஒத்திவைத்த அர்த்தத்தை எல்லாம் கையிலிருக்கும் இந்தச் சில சுரங்களுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

1824 மே 7, வியன்னா. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. ஓபராவை விட்டு வெளியேறிய இசை, கடைசிப் பகுதியில் மனிதக் குரலைத் தானே உள்ளே அழைத்துக்கொள்கிறது. இப்போது சபை முழுவதும் கேட்கிறது. இயற்றியவருக்குத்தான் செவி இல்லை. ஆரவாரம் எழுந்தது தெரியாமல் முதுகைக் காட்டி நின்றவரை, பாடகி கரோலினே உங்கர் மெல்லத் தொட்டுத் திருப்பினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தவை, அசையும் கைகளும் கைக்குட்டைகளும்.