வழுவியது எது: வழியா, வழிப்போக்கரா?

மாதிரி ரயில் அமைப்புகளில் பெட்டிகள் தடம் புரளும் இடம் பெரும்பாலும் குறுகிய வளைவுதான். நேர்த்தடத்தில் சீராக ஓடிவந்த பெட்டி, வளைவு தொடங்கும் இடத்தில் சக்கர விளிம்பைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வெளியே சாய்கிறது. அதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். பெட்டியின் சக்கரம் சரியில்லை என்பது ஒன்று; தடம் தவறாக இடப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்பவர் பெட்டியைத் திருத்துவார். இரண்டாவதை ஏற்பவர் தடத்தைப் பெயர்த்து மறுபடி இடுவார்.

அறவியலிலும் சமயத்திலும் இதே கேள்வி பழங்காலம் முதல் இருந்து வருகிறது. ஒருவர் நெறி தவறும்போது பிழை அவரிடம் இருக்கிறதா, அவருக்கு வகுத்துக் கொடுத்த நெறியில் இருக்கிறதா? வினைக்கொள்கையை மேலோட்டமாகப் புரிந்துகொண்டவர்கள், வழுவியவர் தம் வினையால் வழுவினார் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவார்கள். அந்த விடை பாதை அமைத்தவரை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

பழனி மலைத்தொடர் இதை எண்ணிப் பார்க்க ஏற்ற இடம். அதன் வடக்கு அடிவாரத்தில் முருகன் கோயில் கொண்ட பழனி மலை நிற்கிறது. தொடரின் மேற்பரப்பில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் வழி வகுத்தவர்கள், ஏற்றத்தையும் வளைவையும் யாருக்காக, எந்த அளவில் அமைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பிழையைக் கண்டறியும் முறை

மாதிரி ரயில் அமைப்பவர்கள் பிழையைத் தேடும் முறை எளியது. தடம் புரண்ட பெட்டியை வேறு வளைவுகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். அது எல்லா வளைவிலும் விழுந்தால் குறை பெட்டியில் இருக்கிறது: சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் தவறியிருக்கலாம், அச்சு கோணலாக இருக்கலாம், எடை போதாமல் இருக்கலாம். பிறகு வேறு பெட்டிகளை அதே வளைவில் ஓட்டுவார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் விழுந்தால் குறை தடத்தில் இருக்கிறது.

இந்திய அளவை நூல்கள் அன்வயம், வெதிரேகம் என்று சொல்லும் முறை இதுவே. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றும் இருப்பது அன்வயம். அது இல்லாத இடத்தில் மற்றதும் இல்லாமல் போவது வெதிரேகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் உறுதிப்படும். ஒருவர் ஒருமுறை வழுவியதைக் கொண்டு அவரையும் பழிக்க முடியாது, பாதையையும் பழிக்க முடியாது. பலதரப்பட்ட மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வழுவுகிறார்கள் என்றால், அவர்கள் அனைவரிடமும் ஒரே குறை குடிகொண்டிருக்கிறது என்று சொல்வதைவிட அந்த இடத்தில் குறை இருக்கிறது என்று கொள்வதே அளவைக்குப் பொருந்தும்.

வளைவில் நிகழ்வது

வளைவு தானாக எதையும் தடம் புரட்டுவதில்லை. ஓடும் பொருள் தன் திசையிலேயே தொடர்ந்து செல்ல முயல்கிறது. வெளித் தண்டவாளம் சக்கர விளிம்பை அழுத்தித் திருப்புகிறது. ஆரம் குறையக் குறையவும் வேகம் கூடக் கூடவும் அந்த அழுத்தம் மிகுகிறது. நீளமான வண்டியின் சக்கரங்கள் வளைவுக்குக் கோணலாக நிற்பதால், விளிம்பு தண்டவாளத்தில் ஏறுவது இன்னும் எளிதாகிறது.

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான பழைய வகைப் பயணிகள் பெட்டியின் உடல் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில் அது 24.5 சென்டிமீட்டர் ஆகும். மிக நீண்ட வண்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும் என்பது மாதிரி ரயில்காரர்களின் பொது விதி. அதன்படி இந்தப் பெட்டிக்கு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். தொடக்கநிலைப் பெட்டகங்களில் பரவலாகக் கிடைக்கும் வளைவின் ஆரம் 18 அங்குலம், அதாவது சுமார் 46 சென்டிமீட்டர். சிறிய எஞ்சின் அதில் தாராளமாகச் சுற்றும். நீண்ட பெட்டி தடுமாறும். இரண்டும் பழுதற்றவையாக இருந்தாலும் வளைவு ஒன்றை மட்டுமே கருதி இடப்பட்டிருக்கிறது.

திருத்தும் வழிகள் பல உண்டு. இடம் இருந்தால் ஆரத்தைக் கூட்டலாம். நேர்த்தடம் சட்டென்று வளைவாக மாறாமல், சிறிது சிறிதாக வளையும் ஓர் இடைநிலைப் பகுதியைச் சேர்க்கலாம். இடப்பக்கம் வளைந்த தடம் உடனே வலப்பக்கம் வளைந்தால் அடுத்தடுத்த பெட்டிகள் எதிரெதிராக இழுபடும். நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் விட்டால் அந்த இழுவை தணியும். வளைவில் வரும் தண்டவாள மூட்டு கோணலாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய ரயில்பாதைகளிலும் இடைநிலை வளைவு இன்றியமையாதது; வெளித் தண்டவாளத்தை உயர்த்துவதும் அந்தப் பகுதியில்தான் படிப்படியாக நிகழ்கிறது.

இவற்றில் இடைநிலை வளைவு மெய்யியல் நோக்கில் கருதத்தக்கது. அது ரயில் போய்ச் சேரும் இடத்தை மாற்றுவதில்லை. திரும்ப வேண்டிய மொத்தக் கோணத்தையும் குறைப்பதில்லை. ஒரே நொடியில் வந்து விழும் மாற்றத்தை நீண்ட தொலைவில் பரப்புகிறது, அவ்வளவுதான். தடம் புரள்வதற்குத் திருப்பத்தின் அளவு மட்டும் காரணமாவதில்லை. அத்திருப்பம் எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதும் காரணமாகிறது.

மலை ஏறும் வழிகள்

பழனி மலைக்கோயிலுக்கு 693 படிகள் கொண்ட படிப்பாதை உண்டு. அதே உச்சிக்கு மலையைச் சுற்றி, சாய்வு குறைந்து ஏறும் யானைப்பாதையும் உண்டு. 1966 முதல் வின்ச் எனப்படும் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் பக்தர்களை ஏற்றிச் செல்கின்றன. எந்த வழியில் ஏறினாலும் மலையின் உயரம் ஒன்றே, சந்நிதியும் ஒன்றே. யானைப்பாதையில் செல்பவர் கூடுதல் தொலைவு நடக்கிறார். ஒவ்வோர் அடியிலும் குறைவாக ஏறுகிறார். முழங்கால் நோவுள்ள முதியவர் அந்த வழியில் போவதால் அவர் வழிபாடு குறைந்துவிட்டது என்று எந்தப் பக்தரும் சொல்வதில்லை.

கொடைக்கானலின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்க மிஷனரிகள் 1845இல் அங்கே குடியிருப்பு அமைத்தபோது மோட்டார் செல்லும் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதை ஏறியது. வசதியுள்ளவர்கள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலியைச் சுமந்து அதே ஏற்றத்தில் ஏறியவர்கள் கூலித் தொழிலாளர்கள். அந்தப் பயணம் ஒருவருக்கு எளிதாக இருந்ததற்குக் காரணம் அதன் கடுமை இன்னொருவர் தோளுக்கு மாறியிருந்ததே. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வளைந்து வளைந்து ஏறும் லாஸ் காட் சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவடைந்த பின்புதான் பாதையே அந்தக் கடுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. பாதையைச் சீரமைப்பதற்கும் சுமையை அடுத்தவர் மேல் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அறநோக்கில் பெரிது.

சமய மரபின் படிநிலைகள்

சைவ சித்தாந்தம் வீடுபேற்றுக்கான நெறியை ஒரே தாவலாக வகுக்கவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நிலைகளை அது சொல்கிறது. திருக்கோயிலை அலகிடுவதும் பூத்தொடுப்பதும் சரியை. பூசை முறைகள் கிரியை. உள்ளத்தை ஒருமுகப்படுத்துவது யோகம். மெய்ப்பொருளை அறிவது ஞானம். தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்றும் இவற்றுக்குப் பெயருண்டு; நால்வர் பெருமக்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாக மரபு காட்டுகிறது. கை செய்யும் தொண்டிலிருந்து அறிவின் தெளிவு வரை உள்ள திருப்பம் மிகப் பெரியது. அதை உயிர் தாங்கும் அளவில் பரப்பித் தருவதே இந்த வைப்புமுறையின் பயன்.

திருவருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்பர். அதுவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று உயிரின் பக்குவத்துக்கேற்ப நால்வகைப்படும். இறைவனே உயிரின் பக்குவத்தைப் பார்த்து அருளுகிறான் என்று சித்தாந்தம் கொள்கிறது. அப்படியிருக்க, அவன் பெயரால் நெறி வகுக்கும் மனிதர்கள் வருபவரின் பக்குவத்தைப் பார்க்க மறுப்பது அந்தச் சித்தாந்தத்துக்கே முரணானது.

எளிதாக்கினால் தவம் குறையுமா

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடுமைதான் தவத்தின் உயிர் என்பது அது. தைப்பூசத்துக்குப் பல நாள் பாதயாத்திரையாகப் பழனி வருபவர்கள் பேருந்து இருப்பதை அறியாதவர்கள் இல்லை. காவடி தூக்குபவர் சுமையை விரும்பி ஏற்கிறார். பக்குவத்துக்குப் படிகள் தேவையில்லை என்பதற்குக் கண்ணப்ப நாயனாரே சான்று. ஆறே நாளில் தம் கண்ணை அப்பும் அன்பு அவருக்கு வாய்த்தது.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் எல்லையையும் காண வேண்டும். பாதயாத்திரையின் கடுமை நடப்பவர் தாமே தேர்ந்துகொண்டது. அதைத் தாங்குவதற்கு விரதமும் கூட்டுவழிபாடும் அவரை முன்கூட்டியே பழக்குகின்றன. கண்ணப்பர் நிலை தீவிரதரம். அது அரிது என்பதாலேயே போற்றப்படுகிறது. ஒருவர் விரும்பி ஏற்கும் கடுமை தவம். அவரைக் கேளாமல் வழியில் வைக்கப்பட்ட கடுமை தடை.

இராமானுசரின் வரலாறாக வைணவ மரபு சொல்வது இங்கே பொருந்தும். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற அவர் பதினெட்டு முறை நடக்க வேண்டியிருந்தது. பெற்ற பிறகு அதை மறைத்து வைக்காமல் கோயிலின் மேல்நிலையில் ஏறி எல்லோருக்கும் அறிவித்தார். தமக்கு வாய்த்த கடும்பயணத்தை அவர் வெறுக்கவில்லை. பிறரும் அதே பதினெட்டு முறை நடக்கட்டும் என்றும் விதிக்கவில்லை. தம் உழைப்பைப் பிறருக்கான பாதையாக மாற்றினார். சில சமூகத்தாரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்திய வழக்கமும், பிழை வருபவரிடமா வழியிலா என்று சோதிக்கப்பட வேண்டியிருந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசம், குறை வந்தவர்களிடம் இல்லை, வாயிலை வகுத்த விதியில் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்ட செயல்.

திருத்தத்தின் எல்லை

எல்லா வளைவையும் அகலப்படுத்திவிட முடியாது. ஆரத்தைக் கூட்ட இடம் வேண்டும். மலையில் அந்த இடம் பாறையையும் சோலைக்காட்டையும் வெட்டித்தான் கிடைக்கும். வெட்டிய சரிவு மழையில் சரிந்தால் பாதையே அறுந்துபோகும். கொடைக்கானல் மலைக்காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயமாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே பயணியின் வசதி ஒன்றே அளவுகோலாக இருக்க முடியாது. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகள் கொடைக்கானல் மலைச்சாலையில் செல்ல 2024இல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. வளைவை மாற்ற இயலாத இடத்தில் வண்டியின் நீளத்துக்கு வரம்பு கட்டுவதும் நேர்மையான திருத்தமே. இடம் போதாத மாதிரி ரயில் அமைப்பிலும் இதைத்தான் செய்கிறார்கள்: குட்டையான பெட்டிகளை மட்டும் ஓட்டுகிறார்கள். அத்தகைய வரம்பை முன்னரே அறிவிக்க வேண்டும். விழுந்த பிறகு சொல்வது பழிசுமத்தலாகிவிடும்.

வழிப்போக்கரின் பொறுப்பும் இதனால் ஒழிந்துவிடாது. நன்றாக இட்ட தடத்திலும் மிகுவேகம் கவிழ்க்கும். எடை மேலே குவிந்த பெட்டி சாயும். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளை இடும்பன் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்ததாகப் பழனித் தலபுராணம் சொல்கிறது. இருபுறமும் எடை ஒத்திருந்தால்தான் காவடி நிற்கும். சாதகர் தம் வேகத்தையும் சுமையையும் அறிந்து நடப்பது அவர் கடமை. மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி, சக பயணிகளிடையே உள்ள கடமையைச் சொல்கிறது: எளிதாகச் செல்பவர் சிரமத்துடன் செல்பவருக்காக நிற்க வேண்டும்.

ஆகவே பொறுப்பு மூன்றாகப் பிரிகிறது. தன் நடையைச் சீராக்குவது வழிப்போக்கருக்கு உரியது. ஏறுபவருக்கு இடம்விடுவது உடன் செல்வோருக்கு உரியது. பலர் ஒரே இடத்தில் வழுவும்போது அந்த இடத்தை ஆராய்ந்து, இயன்றால் பாதையைத் திருத்துவதும், இயலாவிட்டால் வரம்பை முன்னரே அறிவிப்பதும் பாதை வகுத்தோருக்கு உரியவை. குரு, ஆதீனம், ஆலயம், பெற்றோர், ஆசிரியர் என நெறி காட்டும் எவரும் இந்த மூன்றாம் வகையில் அடங்குவர். அவர்கள் தம் கடமையைச் செய்த பிறகே வழுவியவரின் வினையைப் பற்றிப் பேச உரிமை பெறுகிறார்கள்.