இறந்தவன் பேரில் நிற்கும் பாக்கி

செத்தவனிடம் கணக்குக் கேட்பதுண்டா? வியாபாரிகளாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. பற்றெழுதியவர் மவுத்தாகிவிட்டால், பேரேட்டில் அவருடைய பக்கத்தை என்ன செய்வதென்று விழிக்காதவர் நம்மில் யார்? "அல்லாஹ்வுக்காக விட்டோம்" என்று சொல்லிப் பலரும் ஒரு கோட்டை இழுத்துவிடுகிறோம். நல்ல குணந்தான். ஆனால் அந்தக் கோட்டை இழுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. கணக்கெழுதும் பிள்ளைக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நடந்த ஒரு கொடிய வழக்கை நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

1991-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி இரவு. டெக்ஸாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரில், உறைதயிர் விற்கும் ஒரு கடை. ஐஸ்கிரீம் கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடை அடைக்கும் வேளை. வேலைக்கு நின்ற பெண்கள் இருவர். அவர்களில் ஒருத்தியின் தங்கையும், அத்தங்கையின் தோழியும் உடனிருந்தனர். மூத்தவர்களுக்கு வயது 17. கடைக்குட்டிக்கு 13. நால்வரையும் சுட்டுக் கொன்றுவிட்டுக் கடைக்குத் தீயும் வைத்துப் போனான் பாவி. தீயணைப்போர் பாய்ச்சிய தண்ணீரில் தடயங்களிற் பலவும் அழிந்தன.

எட்டாண்டுகள் ஆகும் தருவாயில், 1999 அக்டோபரில், நான்கு வாலிபர்களைப் போலீசார் பிடித்தனர். கொலை நடந்த காலத்தில் அவர்கள் மீசை அரும்பும் பருவத்துப் பையன்கள். நெடுநேர விசாரணைக்குப்பின் இருவர் "செய்தோம்" என்றனர். பின்னர், அது எங்களை நெருக்கி வாங்கிய வாக்குமூலம் என்று மறுத்தனர். ஜூரிகள் அந்த மறுப்பை நம்பவில்லை. ஒருவருக்கு மரண தண்டனை. மற்றவருக்கு ஆயுள் தண்டனை. மூன்றாமவர்மீது குற்றப் பத்திரிகை நிலைக்கவில்லை. நான்காமவர் விசாரணையே நடவாமல் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து வெளியே வந்தார். மேல் நீதிமன்றம் இரு தீர்ப்புகளையும் தள்ளியது. புதிய மரபணுச் சோதனையில், நால்வரில் எவருக்கும் பொருந்தாத ஓர் ஆணின் அடையாளம் கிடைத்தது. 2009-ல் தண்டனை பெற்ற இருவரும் வெளியே வந்தனர். வழக்கைக் கைவிட்டார்கள், அவ்வளவே. இவர்கள் செய்யவில்லை என்று அன்று எவரும் பறைசாற்றவில்லை. சந்தேகம் என்ற சட்டையை மாட்டிக்கொண்டேதான் அவர்கள் தெருவில் நடந்தனர்.

உண்மைக் கொலைகாரன் ராபர்ட் யூஜின் பிராஷர்ஸ் என்பவன். 1999 ஜனவரியில், மிசூரி மாநிலத்தின் கென்னட் என்னும் ஊரில், ஒரு தங்கும் விடுதியில் போலீசார் சூழ்ந்துகொண்டபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டான். மாதத்தைக் கவனியுங்கள். ஜனவரியில் இவன் மண்ணுக்குள் போய்விட்டான். அக்டோபரில் அந்த நால்வரும் விலங்கு பூண்டனர்!

அவனை உலகம் அறிந்தது 2018-ல். 1990-ல் தென் கரோலினாவில் ஒரு பெண்ணையும், 1998-ல் மிசூரியில் ஒரு தாயையும் அவளுடைய 12 வயது மகளையும் கொன்ற கை ஒன்றே என்று மரபணு முன்னரே காட்டியிருந்தது. அது யாருடைய கை என்பதுதான் தெரியவில்லை. வம்சாவளி தேடுவோர் தாமாகக் கொடுத்து வைத்திருந்த மரபணுக் கணக்குகளோடு ஒப்பிட்டு, தூரத்து உறவினரைக் கண்டு, கிளை கிளையாக இறங்கி இவன் பெயருக்கு வந்து சேர்ந்தனர். நம் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து "இன்னாருடைய பேரன்தானே நீ?" என்று பிடித்துவிடுவார்களே, அந்த வித்தைதான், கருவி மட்டும் வேறு. பின்னர் புதைகுழியைத் தோண்டி, எலும்பைச் சோதித்து உறுதி செய்தனர்.

ஆஸ்டின் வழக்குக்கு விடை வர மேலும் ஏழாண்டுகள் ஆயின. கடையின் சாக்கடை வாயில் அன்று கிடைத்த ஒரு தோட்டாக் கூடும், தந்தை வழியாக மகனுக்கு இறங்கும் மரபணுக் கூறும் சேர்ந்து இவனைக் காட்டின. மாண்ட சிறுமியரில் இளையவளின் நகக் கண்ணில் இருந்த அணுவும் இவனுடையதே. அந்தப் பதின்மூன்று வயதுக் குழந்தை போராடியிருக்கிறாள்! 2025 செப்டம்பரில் போலீசார் இதை வெளியிட்டபோது, கொலை நடந்து ஏறத்தாழ 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்போர் உண்டு. தூக்கில் போட ஆளில்லை. புதைத்ததைத் தோண்டினார்கள். ஒரு பாவமும் அறியாத அவன் பிள்ளைக்கும் தலைகுனிவு. மேலும், இறந்தோரைத் தூற்றாதீர் என்பது நபி பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த ஒழுக்கமன்றோ?

கேள்வி நியாயமானது, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது நம் ஈமானோடு சேர்ந்த பாடம். அந்த மகளைப் பார்த்து எவனாவது முகம் சுளித்தால், குற்றம் சுளித்தவனுடையது.

கபுரின் கண்ணியமோ பெரிய விஷயம். ஆயினும் நம் ஷாஃபிஈ மத்ஹபின் பிக்ஹு கிதாபுகளைப் புரட்டியவர் அறிவர்: பிறர் நிலத்தில் அனுமதியின்றி அடக்கிவிட்டாலும், கபுருக்குள் ஒருவருடைய பொருள் விழுந்துவிட்டாலும், அதைத் திறக்க இடமுண்டு என்று இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் பத்வா கொடுக்க வரவில்லை. அது ஆலிம்களின் வேலை. ஒரு மோதிரத்துக்காகத் திறக்கலாமென்றால், நான்கு பேருடைய மானத்துக்காக? என்று மட்டும் கேட்கிறோம்.

ஜனாஸா வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள், "இவர் பேரில் கடன் உண்டா?" என்று விசாரித்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்று தீனார் பாக்கி. விட்டுச் சென்றதோ ஒன்றுமில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அதைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள். சபை நடுவே கடனைக் கேட்டது இறந்தவரைத் தூற்றுவதாகுமா? பாக்கியைச் சொல்வது வேறு, பழிப்பது வேறு. பிராஷர்ஸ் அனுபவிக்க வேண்டியதை அவன் போன இடத்தில் அனுபவிப்பான்; அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் அவன் பேரில் எழுத வேண்டிய பற்றை அந்த நான்கு வாலிபர் பேரில் எழுதியிருந்தார்களே, அதைத் திருத்தாமல் எப்படி ஐந்தொகை போடுவது? நால்வரில் மூன்றாண்டு சிறையிருந்தவர், 2010-ல் போலீசாரோடு நேர்ந்த ஒரு மோதலில் இறந்து போனார். திருத்தம் வந்தபோது அவர் இல்லை.

இவ்வளவு தூரத்து வழக்கு நம்மை உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குப் பழக்கமான ஒரு கடையில், பல ஆண்டுகளுக்கு முன் கல்லாப் பணம் குறைந்தது. சந்தேகம் ஊரிலிருந்து வந்த ஒரு பையன்மேல் விழுந்தது. சம்பளம் தீர்த்து, கப்பலேற்றி விட்டார்கள். ஊரில் அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணையும் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. பங்காளிகளில் ஒருவர் மவுத்தான பின் அவருடைய பெட்டியில் இருந்த துண்டுக் கணக்கு, பணம் போன வழியைக் காட்டிற்று. அதை நாமும் பார்த்தோம். "மவுத்தானவர் பேரை ஏன் கெடுக்க வேண்டும் நானா? விட்டுவிடுங்கள்" என்றார் வாரிசு. நாம் விட்டுவிட்டோம். நமக்குச் சேராத பாக்கியை நாம் தள்ளுபடி செய்து, அதைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொண்டோம்.

அந்தப் பையனுக்கு இன்று பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விலாசம் விசாரித்து வாங்கிவிட்டோம். வாரிசிடமும் சொல்லியாயிற்று, அவருக்கு வருத்தந்தான். கடிதம் எழுதி மேஜைமேல் இருக்கிறது. நாளைத் தபாலில் போகும், இன்ஷா அல்லாஹ்.