கடன் இரண்டு

நம் மொழியில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். ஆற்றியே தீரவேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டும் ஒருவர் வாழ்வில் மோதுமாயின் எது எதற்கு வழிவிடல் வேண்டும்? அமெரிக்க நாட்டின் சட்டக் கல்வி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

அங்கே பட்டப்படிப்பை முடித்த பின்னரே மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேர்வர். கட்டணம் மிகுதியாதலின் மாணவர் பலர் பெருங்கடனோடு வெளிவருகின்றனர். பெருநிறுவனங்களுக்காக வாதாடினால் அக்கடன் விரைவில் அடையும். குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்காகப் பொதுச் செலவில் வாதாடுவோர்க்கோ ஊதியம் மிகக் குறைவு. கடுங்குற்ற வழக்கில் வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்க்கு அரசே ஒருவரைத் தரல் வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. உரிமை ஏட்டில் இருக்கின்றது. அதனைக் காக்க வேண்டிய இளைஞரைக் கடன் வேறு வாயிலுக்கு இழுத்துச் செல்கின்றது.

இதற்குப் பரிகாரமாக 2007இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசுப் பணியிலோ, இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேரம் உழைத்தவாறே 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவர்க்கு, நடுவணரசிடம் பெற்ற கல்விக் கடனின் எஞ்சிய பகுதி தள்ளுபடியாகும். வழக்கறிஞரேயன்றி ஆசிரியர், செவிலியர் போன்றோரும் இதனால் பயன்பெறுவர்.

கல்லூரி வாயிலை மிதியாத தொழிலாளியின் வரிப்பணத்தால் கற்றவரின் கடனைத் தீர்ப்பது அறமாகுமா என்று கேட்பாருளர். புறந்தள்ளத்தக்க கேள்வியன்று இது. கட்டணம் ஏறிக்கொண்டே போக, கடனை மட்டும் தள்ளுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. எனினும் அத்தொழிலாளி பொய்வழக்கில் சிக்கும் நாளில் அவன் பக்கம் நிற்பவர் யார்? பத்தாண்டுகள் குறைந்த ஊதியத்தில் நின்றவர்க்குத் தரும் தள்ளுபடி பிச்சையன்று. சமுதாயம் தன் கடமையைச் செய்வித்ததற்குக் கொடுக்கும் விலை.

விலை பேசியபின் வாக்குத் தவறலாகாது. முதற் பத்தாண்டு 2017இல் நிறைவுற்ற பின்னர் விண்ணப்பித்தோருள் மிகப் பெரும்பாலோர், கடனின் வகை பொருந்தவில்லை, தவணைத் திட்டம் பொருந்தவில்லை என்றெல்லாம் காரணங்காட்டித் திருப்பப்பட்டனர். 2021இல் விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. 2025 தொடக்கத்திற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடன் நீங்கினர். வாக்கை நம்பி இளமையைத் தந்தவரிடம் விதி நுணுக்கம் பேசும் அரசு, தானே கடனாளியாகின்றது.

நம் நாட்டிலும் 1976இல் அரசமைப்பிற் சேர்ந்த 39-அ பிரிவு, ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வழங்குமாறு அரசைப் பணிக்கின்றது. 1987இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் உள்ளது. ஊர்விட்டு ஊர் வந்து, வங்கிக் கடன் பெற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம்முள் பல. சட்டம் பயின்ற மகள் ஏழைகளின் வழக்கை எடுத்து நடத்த விரும்பினால், மாதத் தவணையை எண்ணிப் பெற்றோர் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்திற்குப் பெற்றோரைப் பழிப்பது முறையன்று. ஊரார் அனைவர்க்கும் உரிய கடமையின் சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டுத் தியாகத்தைப் போற்றுவது எளிது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்வதே அறம்.